இழுவா, விடுவா

மீன் பிடிக்க வந்த இடத்தில் மூன்று ஆண்பிள்ளைகள் டின் மீனைத் திறந்து, ரொட்டிக்குள் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வெட்கக்கேடுதான். ஆனால் வந்த நாளிலிருந்து விடாமல் கொட்டிய மழையில் ஆறு டீ நிறத்துக்கு மாறி, மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போயிற்று. அதில் தூண்டில் போடுவதும் தார்ச்சாலையில் போடுவதும் ஒன்றுதான்.

"மீனெல்லாம் லீவு லெட்டர் குடுத்துட்டுப் போயிடுச்சுடா," என்றான் பேக்கரிக்காரன்.

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். அரை நொடி கழித்து மெக்கானிக்கும் சிரித்தான். விஷயமே அந்த அரை நொடியில்தான் இருந்தது. அவனுக்குப் பேக்கரிக்காரன் சொன்னது காதிலேயே விழவில்லை.

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். மச்சினன் அவன் மனைவியின் தம்பி, வேலையிலும் அவனுக்கு ஜோடி. பேக்கரிக்காரன் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருப்பவன். வருஷத்துக்கு ஒருமுறை மூவரும் குடும்பத்திடம் திட்டு வாங்கிக்கொண்டு, சாலை முடியும் இடத்தில் வேனை நிறுத்திவிட்டு, வாடகைப் படகில் ஆற்றைக் கடந்து இந்தக் காட்டுக் கரைக்கு வந்துவிடுவார்கள். யாரோ எப்போதோ கட்டிவிட்டுப் போன தகரக் கொட்டகை ஒன்று இங்கே இருந்தது. அதன் கூரையில் மழை விழும் சத்தத்தில் நல்ல காது உள்ளவனே திணறுவான்.

மெக்கானிக்குக் காது மந்தமாகி இரண்டு வருஷம் ஆகிறது. முழுச் செவிடு இல்லை. சத்தம் வரும், சொல் வராது. மெய்யெழுத்தெல்லாம் வழியிலேயே தேய்ந்துபோய், உள்ளே இருக்கும் அ, இ, உ மட்டும் தட்டுத்தடுமாறி வந்து சேரும். மீதியை ஆளின் வாயைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, இவன் என்ன சொல்லக்கூடும் என்று யோசித்துத் தானே நிரப்பிக்கொள்வான். பரவாயில்லாத இடது காதுப் பக்கம் ஆட்களை உட்காரவைப்பான். எல்லோரும் சிரித்தால் சிரிப்பான். "இந்த மனுஷன் நான் சொல்ற எதையும் காதுல போட்டுக்கறதே இல்லை" என்று அவன் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள். காது கேட்காதவன் என்ற பேருக்கு அலட்சியக்காரன் என்ற பேர் எவ்வளவோ மேல் என்று அவனும் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் வேலைக்காகத்தான். லிஃப்ட் ஓடும் பொந்தின் அடியில், பள்ளத்தில் மச்சினன் இறங்கி நிற்பான். உச்சியில் மோட்டார் அறையில் சங்கிலியைப் பிடித்தபடி இவன் நிற்பான். ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது. கீழிருந்து குரல் மட்டும் வரும். இழு என்றால் இழுக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. காது சரியில்லை என்று கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றைக்கே அவனை ஸ்டோர் ரூமில் திருகாணி பொறுக்க உட்காரவைத்துவிடுவார்கள்.

அதனால் ஒரு தந்திரம் செய்தான். "எதையும் ரெண்டு தடவை சொல்லு மாப்ள, அதான் சேஃப்டி" என்று மச்சினனைப் பழக்கிவிட்டான். அமைதியான கட்டடத்தில் இரண்டு தடவையில் ஒரு தடவையாவது பிடிபட்டுவிடும். கம்பெனியில் இதைக் கேள்விப்பட்டு, ஆகா என்று கூட்டம் போட்டுப் பாராட்டி, அவனுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வேறு கொடுத்தார்கள். அது ஓடும் சத்தம் அவனுக்குக் கேட்காது.

டின்னை வழித்து முடித்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்த மச்சினன் தலையில் கைவைத்துக்கொண்டான். படகைக் கட்டியிருந்த வேர் வெள்ளத்தில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. படகு கொஞ்ச தூரம் மிதந்து போய், கரையிலிருந்து எட்டாத தூரத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு நின்றது. வேன் அக்கரையில். படகு போனால் வீட்டுக்கு வழியில்லை.

பேக்கரிக்காரன் சாமான்களை மூட்டை கட்ட, மற்ற இருவரும் கயிற்றோடு ஓடினார்கள். மச்சினன் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டான். மறுமுனையைக் கரையில் இருந்த மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மெக்கானிக் பிடித்துக்கொண்டான்.

"பேக்கரிக்காரன் வந்துடட்டும் மாப்ள."

"அவன் மூட்டை கட்டி வர்றதுக்குள்ள படகு கடலுக்கே போயிடும். நீங்க இருக்கீங்களே மச்சான், அப்புறம் என்ன? தினமும் என் உசுரு உங்க கையிலதானே தொங்குது."

இதை அவன் முகத்துக்கு நேராகப் பார்த்துச் சொன்னதால் ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரியாமலே போயிருக்கலாம்.

இடுப்பளவுத் தண்ணீரில் மச்சினன் படகை எட்டிவிட்டான். அதன் விளிம்பைப் பிடித்தவன் அங்கேயே நின்றுவிட்டான். முதுகு கரைப் பக்கம் இருந்தது, வாய் தெரியவில்லை. ஒரு கையை மேலே தூக்கி எதையோ கத்தினான். மழையையும் ஆற்றையும் தாண்டி மெக்கானிக்குக் கிடைத்தது ஒரு இ, ஒரு உ. திரும்பவும் ஒரு இ, ஒரு உ. பழக்கிவிட்டபடியே இரண்டு தடவை சொல்லியிருந்தான், பாவம்.

இழுவா, விடுவா? இரண்டுக்கும் அதே இ, அதே உ. வெள்ளத்தில் நிற்கிறவன் வேறென்ன சொல்வான் என்று மெக்கானிக் நினைத்தான். நினைத்த வேகத்தில், காலை மரத்தில் உதைத்து, உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தான்.

மச்சினனின் கால் பாறை இடுக்கில் மாட்டியிருந்தது. குனிந்து அதை எடுத்துவிடக் கயிறு தளர வேண்டும். அதற்குத்தான் அவன் கத்தினான். மெக்கானிக் இழுத்த இழுப்பில் அவன் கரைப் பக்கமாக மல்லாந்து தண்ணீருக்குள் போனான். கை மட்டும் வெளியே வந்து தண்ணீரை அறைந்தது. அதைப் பார்த்து மெக்கானிக் இன்னும் பலமாக இழுத்தான். மூட்டையோடு வந்த பேக்கரிக்காரன் எல்லாவற்றையும் சேற்றில் போட்டுவிட்டு ஓடிவந்து, அவனை ஒரு தள்ளுத் தள்ளிக் கயிற்றைப் பிடுங்கித் தளர்த்தினான். தண்ணீருக்கு மேல் ஒரு தலை வந்தது. இருமியது. மறுபடி குனிந்தது. பிறகு ஒரு காலில் செருப்பில்லாமல், கயிற்றைப் பற்றிக்கொண்டு, மச்சினன் கரைக்கு வந்து விழுந்தான்.

கொட்டகைக்குள் அவனைப் போர்வையில் சுற்றி உட்காரவைத்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டார்கள். கணுக்கால் வீங்கியிருந்தது. மெக்கானிக் டம்ளரை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். அக்காளிடம் தம்பியைப் பிணமாகக் கொண்டுபோய்ப் போட்டிருப்பேனே என்பதைத் தவிர வேறு எதையும் அவனால் நினைக்க முடியவில்லை.

மச்சினன் இரண்டு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தான். "தப்பு என்னோடதுதான் மச்சான். கால் மாட்டின பதட்டத்துல, விடுன்னு சொல்றதுக்குப் பதிலா இழுன்னு கத்திட்டேன் போல. நீங்க நான் சொன்னதைத்தானே செஞ்சீங்க."

"பயத்துல எவனுக்கும் வாய் குழறும்டா," என்றான் பேக்கரிக்காரன்.

இடது காதுப் பக்கம், எதிரே, தெளிவாகக் கேட்டது. அப்பாடா என்று மெக்கானிக்கின் மனசில் ஓடியது நிஜம். அதுதான் முதலில் ஓடியது. யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. பழியை அந்த முட்டாள் தானாகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போகலாம். இவன் மேலே, அவன் கீழே. இனிமேல் மச்சினன் தன் வாயின்மேல் சந்தேகப்பட்டு மூன்று தடவைகூடச் சொல்வான். இதை நினைத்தபோது மெக்கானிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"நீ சரியாத்தான் சொன்னே. எனக்குத்தான் கேக்கலை," என்றான்.

குரல் எழும்பவில்லை. கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மச்சினன் காதருகே கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான்.

"என்ன மச்சான்? கேக்கலை."

இரண்டு வருஷமாக இவன் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. கேட்கும்போதெல்லாம் ஆட்கள் சலித்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ஒண்ணுமில்லை, விடு. அந்தப் பதிலைக் கேட்டு அவன் எத்தனை தடவை உள்ளுக்குள் பொசுங்கியிருக்கிறான்! இப்போது அதே பதில் அவன் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் முடிந்தது.

"எனக்குக் காது கேக்கலைடா!" என்று கத்தினான். "நீ விடுன்னுதான் சொல்லியிருப்பே. எனக்கு இழுவா விடுவான்னு தெரியலை. ரெண்டு வருஷமாவே இப்படித்தான்."

பேக்கரிக்காரன் ஸ்டவ்வை அணைத்தான். மச்சினன் தோளிலிருந்த போர்வையை விலக்கினான்.

"ரெண்டு வருஷமா நான் கீழே நிக்கிறேன்."

"ஆமா."

"ரெண்டு தடவை சொல்லுன்னு சொன்னதும் அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான்."

"அதுக்குக் கடிகாரம் வேற வாங்கினீங்க."

பேக்கரிக்காரனுக்குச் சிரிப்பு வந்து, மச்சினன் முகத்தைப் பார்த்து அடங்கியது. மச்சினன் டம்ளரை வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே மழையில் வெளியே போனான்.

பேக்கரிக்காரன் எதையோ முணுமுணுத்தான்.

"என்ன?" என்றான் மெக்கானிக்.

"ஒண்ணு..." என்று ஆரம்பித்த பேக்கரிக்காரன் நிறுத்திக்கொண்டான். எழுந்துவந்து அவன் எதிரே குந்தி உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னான்: "அவனுக்குக் கோவம் ஆறிடும். ஆனா உன்னை நம்பி இனிமே லிஃப்ட் பள்ளத்துல இறங்க மாட்டான்னு சொன்னேன்."

"இறங்கக் கூடாது," என்றான் மெக்கானிக்.

மச்சினன் திரும்பி வந்தபோது தோளில் கயிறு இருந்தது. முகத்துக்கு நேராக வந்து நின்று, கத்தாமல், ஆனால் நிறுத்தி நிறுத்திப் பேசினான். "தண்ணி இன்னும் ஏறுது மச்சான். படகு ரொம்ப நேரம் நிக்காது. திங்கக்கிழமை ஆபீஸ்ல நீங்களே சொல்லிடணும். இல்லேன்னா நான் சொல்லுவேன்."

"நானே சொல்லிடறேன். இப்ப நான் இறங்கறேன், நீ கயித்தைப் பிடி."

மச்சினன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கயிற்றை அவன் இடுப்பில் கட்டத் தொடங்கினான். கோபத்தில் முடிச்சைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினான். "கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காது. கயித்தை ரெண்டு சுண்டு சுண்டினா எதையும் பார்க்காம திரும்பி வந்துடுங்க."

தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. காலடியில் கற்கள் உருண்டன. படகின் விளிம்பு கைக்கு வந்தபோது கயிறு விறைத்து அவனைப் பின்னால் பிடித்தது. இன்னும் ஒரு முழம் போனால்தான் படகுக்குப் பின்பக்கம் போய் அதை நெம்பித் தள்ள முடியும். முதுகு கரைப் பக்கம். திரும்பிப் பார்த்தால் கால் வழுக்கிவிடும். மச்சினன் இதே இடத்தில், இதே மாதிரி நின்றுதான் கத்தியிருக்க வேண்டும்.

"விடு!" என்று கத்தினான்.

தன் குரலே அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் இடுப்பில் கயிறு தளர்ந்திருந்தது, கேட்ட அளவுக்கு, கேட்ட உடனே. பள்ளத்துக்குள் நின்றபோதெல்லாம் மச்சினன் மேலே இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது இதைத்தான். மெக்கானிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை. அவன் ஒரு முழம் முன்னால் போய், படகில் தோளைக் கொடுத்தான்.