முளைக்காத வெங்காயம்

பள்ளி கேன்டீனுக்கு வந்த வெங்காய மூட்டையில் ‘கதிர்வீச்சில் பதப்படுத்தியது’ என்று அச்சடித்திருந்ததை எவனோ பார்த்துத் தொலைத்தான். அவ்வளவுதான், பதினோராம் வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது. மதியத்துக்குள் கதிர்வீச்சு என்ற சொல் அவர்கள் வாயில் கதிரியக்கமாகிவிட்டது. சாப்பிட்டால் முடி கொட்டும் என்றாள் ஒருத்தி. "இருட்டுல வயிறு மின்னும்டி" என்றாள் குண்டூசி என்று பட்டப்பெயர் வாங்கியவள். குண்டூசியும் வகுப்பு லீடரும் இந்த வருஷம் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்தே ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள்.

லீடருக்கு எல்லாம் தெரியும். விளக்கு வெளிச்சம் பட்ட சுவர் விளக்காகிவிடாது. கதிர் பட்ட வெங்காயமும் கதிரை வீசாது, சீக்கிரம் முளைவிடாது, அவ்வளவே. தெரியாமல் எப்படி? மூட்டைகளைக் கதிர்க்கூடத்துக்குள் அனுப்புவதே அவள் அப்பாவின் வேலை. ஆனால் பள்ளியில் அவள் சொல்லி வைத்திருந்தது ‘அப்பா வெங்காய மண்டியில இருக்காரு’ என்று. முழுப் பொய்யும் இல்லை, பாருங்கள். ஒருத்தியின் அப்பா பிணவறையில் வேலை செய்கிறார் என்று தெரிந்த அன்று, அவள் நீட்டிய பிறந்தநாள் மிட்டாயை ஒருத்தரும் தொடவில்லை. தன் டப்பாவுக்கும் அந்தக் கதி வந்தால்? ‘இனி கேன்டீன்ல சாப்பிட மாட்டோம்’ என்று எல்லாரும் கை தூக்கியபோது அவளும் தூக்கினாள்.

அறிவியல் டீச்சர் சும்மா இருப்பாரா? "நேர்லயே போய்ப் பார்த்துடலாம்" என்று பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டார். லீடர் வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தாள். பாச்சா பலிக்கவில்லை. வீட்டில், "அப்பா, நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"நாளைக்கு என்னடா?"

"ஒண்ணுமில்லப்பா."

மறுநாள் பஸ் கதிர்க்கூடத்தில் போய் நின்றது. தடித்த கான்கிரீட் சுவர். அதற்குள் வளைந்து வளைந்து போகும் பாதை. வரிசையாக நகரும் பெட்டிகள். உடம்பில் படும் கதிரை அளக்கும் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு அப்பா நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கம்மா" என்றார் அவளிடம்.

நில்லுங்க! பிறந்ததிலிருந்து ‘வாடா கண்ணு’ என்றே கேட்டுப் பழகிய காது. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

குண்டூசிக்கு வாய் சும்மா இருக்குமா? "அங்கிள், இதைச் சாப்பிட்டா வயிறு மின்னுமாமே?"

"மின்னினா நல்லதுதானே, கரண்ட் பில் மிச்சம்! நானும் என் பொண்ணும் தினம் இதைத்தான் சாப்பிடறோம். எங்க வீட்ல இன்னும் பல்புதான் எரியுது."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

"உங்க பொண்ணு எங்க அங்கிள் படிக்கிறா?"

அப்பா ஒரு பெட்டியை நேராக்கினார். நேராகத்தான் இருந்தது அது.

"வேற ஊர்லம்மா."

"செம அங்கிள்டி! அந்தப் பொண்ணு குடுத்து வெச்சவ" என்று குண்டூசி லீடரின் காதைக் கடித்தாள். இப்போது சொல்லிவிடலாம், யாரும் டப்பாவை ஒதுக்க மாட்டார்கள். ஆனால் சொன்னால் அவள் மட்டுமா பொய்க்காரி? அப்பாவும்தானே! தன் பொய்யில் அவரையும் இழுத்துவிட்டாளே பாவி. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள்.

"லீடர், முன்னால வா. நன்றி சொல்லு" என்றார் டீச்சர்.

போனாள். அப்பாவின் சட்டையில் அவளே காலையில் தைத்துக் கொடுத்த பொத்தான் தெரிந்தது.

"ரொம்ப நன்றி... சார்."

"இருக்கட்டும்மா" என்றார் அவர். "நல்லாப் படிங்க."