அலுமினியத்துக்கு ஆகாதது

திருத்தங்கலில் தனுஷ்கோடியின் அச்சகத்துப் பட்டாசு லேபிள்களையெல்லாம் ஒரு காலத்தில் பாண்டிச்செல்விதான் கம்ப்யூட்டரில் வடிவமைத்தாள். ஒரு சமயம் டிசைன் ஒன்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. "பொய்க்காரி, நீதான வித்த" என்று அத்தனை பேர் முன்னால் அவளை வெளியே அனுப்பினார் தனுஷ்கோடி. விற்றது அவருடைய மச்சினன் முத்துக்கிருஷ்ணன் என்பது பிறகு ஊருக்கே தெரிந்தது. தெரிந்தும் அவர் வாய் திறக்கவில்லை. பாண்டிச்செல்வி கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு தனியாகக் கடை போட்டாள். அந்த ஒரு சொல் மட்டும் உள்ளே ஆறாமல் கிடந்தது.

இரண்டாயிரத்தெட்டு தீபாவளி சீசனில் அந்த அச்சகத்துக் கம்ப்யூட்டர் சூடேறிச் சூடேறி நின்றுபோனது. வேறு ஆள் கிடைக்காமல் அவளையே கூப்பிட்டார்கள். கழற்றிப் பார்த்தாள். சூட்டைக் கடத்துவதற்காக ப்ராசஸர் மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"புது பேஸ்ட் வச்சாப் போதும் மொதலாளி."

"பேஸ்டுக்குப் பதிலா லிக்விட் மெட்டல் வச்சா இன்னும் நல்லாக் குளுருமாம்ல? மச்சினன் மெட்ராஸ்ல வாங்கியாந்துருக்கான்."

சிறு ஊசிக்குழலுக்குள் பாதரசம் மாதிரி மின்னியது அது. ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க்கோ முழுக்க அலுமினியம். பட்டால் அரித்துவிடும்; வழிந்தால் மதர்போர்டே போய்விடும். பேசாமல் தடவிக் கொடுத்துவிடலாமா என்று அவளுக்குக் கை பரபரத்தது. அப்போதுதான் தோன்றியது: உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் நம்பவே மாட்டார்; வேண்டாம் என்றால் அதையேதான் வைப்பார்.

"இது அலுமினியத்துக்கு ஆகாது மொதலாளி. அரிச்சுப் போடும், வேண்டாம்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

"பழசை மனசுல வச்சுக்கிட்டு நல்ல சாமானை வேண்டாங்கற, என்ன? நீ போ. மச்சினனே வைப்பான்."

அவள் இன்னொரு தடவை சொல்லவில்லை.

சீசன் உச்சத்தில் கம்ப்யூட்டர் அடியோடு அணைந்தது. மறுபடி ஆள் வந்தது. அவள் போய்த் திறந்தபோது விரல் பட்ட இடத்தில் அலுமினியம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. போர்டு கருகியிருந்தது. லேபிள் ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுச் சிவகாசி அச்சகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"நீ அன்னைக்கே சொன்ன. நாந்தான் கேக்கல" என்றார் தனுஷ்கோடி.

"டிசைனை வித்தது யாரு மொதலாளி? அதையும் சொல்லுங்க. இங்கன இருக்கவுக எல்லாம் கேக்கட்டும்."

முத்துக்கிருஷ்ணன் தரையைப் பார்த்தான். தனுஷ்கோடி அவனை நோக்கிக் கையை நீட்டினார்.

"இவந்தான். நீ பொய் சொல்லல தாயி. இப்பமாச்சும் சரி பண்ணிக் குடு."

"இந்த போர்டு இனிப் பொழைக்காது மொதலாளி" என்றாள். அவள் கடையில் இதே மாதிரி போர்டு ஒன்று புதிதாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வாசலில் ஒரு கணம் தயங்கினாள், எங்கே இரக்கம் வந்துவிடுமோ என்று. வரவில்லை.