வடிவம்மாள் போய்ச் சேராத பாலம்

தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றுதான், கணினிக் கிடங்குகள் இரண்டு. ஜார்ஜ்டவுனில் எடுக்கும் படங்கள் ஒன்றில் சேரும். பாயான் பாருவிலிருக்கும் ஒளிபரப்புக்காரர்கள் இன்னொன்றிலிருந்துதான் எடுப்பார்கள். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பேச வைப்பதற்காக எட்டு மாதங்களுக்கு முன் ஒரு மென்பொருள் வாங்கி, 'பாலம்' என்று பெயரிட்டு, கேக் வெட்டினார்கள்.

மலாய்ப் பிரிவின் படங்கள் பாலத்தைக் கடந்தன. சீனப் பிரிவினுடையவையும் கடந்தன. தமிழ்ப் படம் ஒன்றுகூடக் கடக்கவில்லை. காரணம் அறியக் குழு அமைத்தார்கள். ஒன்பது கூட்டங்கள் நடத்தி, ஒன்பது தட்டு கறிபாப் தின்று, தமிழ்ப் பிரிவினரிடம் பகிரும் பண்பாடு போதவில்லை என்று குழு கண்டறிந்தது.

பாலத்தில் தொலைந்த ஒவ்வொரு படத்தையும் பிரிவின் மோகனராஜ் அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். மோட்டாரில் போனது பகிர்வாகாதாம். ஆகவே தமிழ்ப் பிரிவின் பகிர்வு எண்ணிக்கை பூஜ்யம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அது ஒன்றாகவாவது மாறாவிட்டால் பிரிவை மூடிவிடுவதாகப் பொது மேலாளர் ராம்நாத் எழுதியே கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணி. சுங்கை பாக்காப் பெண்கள் கயிறிழுக்கும் அணியின் தலைவி வடிவம்மாளைப் பற்றிய படத்தைப் பிரிவுத் தலைவி சுபாஷினி எட்டாவது முறையாக அனுப்பிவிட்டு, பாயான் பாருவிலிருக்கும் ஷஹீதாவை அழைத்தாள்.

"வந்துச்சா?"

"எங்கக்கா? படத்தக் காணோம். குப்பை ஃபோல்டர் ஒண்ணுதான் வந்து நிக்குது."

"என்ன குப்பை?"

"தினம் ஒண்ணு முளைக்கும்லா. ஓரமா தள்ளி வச்சிருவேன்."

"பேரு என்னா போட்டிருக்கு?"

"வடிவம்மாள் a."

சுபாஷினி நாற்காலியை விட்டு எழுந்தாள். படத்தில் வருபவரின் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே தலைப்பில் போட வேண்டும் என்பது நிறுவன விதி. அட்டையில் அவர் 'வடிவம்மாள் a/p பிச்சைமுத்து', அதாவது பிச்சைமுத்துவின் மகள். மகன், மகள் என்று குறிக்க மலாய்க்காரர்களுக்கு 'பின்', 'பிந்தி'. சீனர்களுக்கு அதுவும் இல்லை. நம்மவர்களுக்குத்தான் நடுவில் சாய்கோடு. சாய்கோட்டைக் கண்டதும் பாலம், முன்னால் இருப்பதை ஃபோல்டர் என்றும் பின்னால் இருப்பதைக் கோப்பு என்றும் பிரித்துவிட்டது.

"அதைத் தொறடி!"

அந்தப் பக்கம் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, உள்ளுக்கு 'p பிச்சைமுத்து' உக்காந்திருக்காரு. ஓட்டிப் பாத்தேன். ஐயோ, கயிறு இழுக்குறாங்கக்கா!"

"மத்த குப்பையெல்லாம்?"

"இதையும் சேத்து எரநூத்திப் பதினாலு இருக்கு."

"ஒண்ணு விடாம வெளிய எடு, அப்பத்தான் பகிர்வுக் கணக்குல ஏறும். அஞ்சு மணிக்குள்ள."

ஐந்து மணிக் கூட்டத்தில் ராம்நாத் வருத்தமான முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு திரையைப் போட்டார். தமிழ்: 61. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். 108. மலாய்ப் பிரிவைத் தாண்டியது. சீனப் பிரிவைத் தாண்டியது. 214-இல் வந்து நின்றது. குழுத் தலைவர் மேசையைக் கூர்ந்து ஆராய்ந்தார்.

"என்னம்மா இது?" என்று ராம்நாத் சுபாஷினியைக் கேட்டார்.

"எல்லாம் எங்காளுங்களோட அப்பா பேரு சார். எட்டு மாசமா அங்கதான் இருந்தாங்க. உங்க குழு ஒரு ஃபோல்டரையும் தொறந்து பாக்கல."

ராம்நாத் மூடுவிழாக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

"சரிம்மா. வேற என்ன வேணும்?"

"இன்னிக்கு எட்டு மணி ஸ்லாட். வடிவம்மாளுக்கு."

"எட்டு மணியா? அது..."

"முழுசா அரை மணி நேரம் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். வாசலில் ஹெல்மெட்டோடு நின்றிருந்த மோகனராஜ் அண்ணன், அதைக் கழற்றக்கூட மறந்து, விசிலடித்தார்.