பான்ட் துணியில் ஒரு ஸ்கார்ஃப்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பத்தொன்றாம் வருஷ ஜனவரியில், டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் ஒரு பெண்மணி நான் இருந்த பஸ்ஸில் ஏறினாள். புடவை, ஸ்வெட்டர், கழுத்தில் ஸ்கார்ஃப். அது கடையில் வாங்கியதல்ல. ஆண்கள் பான்ட் தைக்கும் காப்பிக்கொட்டை நிறத் துணி, ஓரத்தில் பட்டுக்கரை. கண்டக்டரிடம் கரகரத்த குரலில் டிக்கெட் கேட்டாள். நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி இப்படி இருந்தது: ‘டெல்லிக் குளிர் எலும்பைத் துளைத்துக்கொண்டிருந்தபோது சாந்தகுமாரி...’ வேண்டாம். டெல்லிக் கதை என்றாலே குளிரில் தொடங்கிவிடுகிறோம்.

இரண்டாவது: ‘அவள் கழுத்தில் ஒரு கோடு இருந்தது.’ இது இருக்கட்டும்.

தைராய்டு கட்டியை எடுத்த தழும்பு அது. சாந்தகுமாரி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் திரும்பி வந்தது. ஆனால் வேறு யாருடையதோ போல வந்தது. திங்கட்கிழமை லீவு முடிகிறது. அவளோ பால் வாங்கக்கூட வாசலைத் தாண்டவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

(அவள் கணவர் கலியமூர்த்தியை முதலில் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் பிசைந்து எடுத்துப்போனவர் அவர்தான். எழுதியதை அடித்துவிட்டேன்.)

“கழுத்துதானே சாந்தா, யாரு பாக்கப் போறாங்க?”

“எல்லாரும்தான். குரலக் கேட்டதும் கழுத்தத்தான் பாப்பாங்க.”

கடை மஃப்ளர், தையல் போட்ட இடத்தில் அரித்தது. கலியமூர்த்தி பீரோவைத் திறந்து, தனக்குப் பான்ட் தைக்க வைத்திருந்த துணியை எடுத்து வந்தார்.

“இத வெட்டிக்க.”

3

பான்ட் துணி விறைப்பு. உள்ளே பட்டு வைத்துப் பார்த்தாள், நழுவியது. ஆகவே வெளிப்பக்கம் பான்ட் துணி, தோலில் படும் பக்கம் அவருடைய பழைய மல் வேட்டி. நேராக வெட்டியது அட்டை மாதிரி நின்றது. மூலைவாட்டில் வெட்டிய பிறகுதான் கழுத்துக்கு வளைந்து கொடுத்தது. ஓரத்துக்குக் கிழிந்த பட்டு ரவிக்கையின் கரை. கை பழகியதும் மெல்லிய வாயில் புடவையில் ஒன்று, ஸ்வெட்டர் கம்பளியில் ஒன்று.

ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று “ஹலோ, எக்ஸ்சேஞ்ச்” என்று சொல்லிப் பார்த்தாள். துணிகள் தேறிவிட்டன. குரல்தான்...

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.)

4

திங்கட்கிழமை பான்ட் துணி ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு அலுவலகம் போனாள். பக்கத்து நாற்காலி மிஸஸ் சோப்ராவின் கண் நேரே ஸ்கார்ஃபுக்குத்தான் போனது.

“அரே, கஹாங் ஸே லியா?” எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

“கர் மே பனாயா.”

வீட்டிலேயே செய்ததா? மிஸஸ் சோப்ரா நம்பாமல் உள்பக்கத் தையலைப் பார்க்க இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. தழும்பு வெளியே தெரிந்தது. அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

(இங்கே அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் போர்டில் அழைப்பு விளக்கு எரிந்தால் ஆபரேட்டருக்கு அழ நேரம் ஏது?)

விளக்கு எரிந்தது. ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இணைப்பைச் செருகினாள். மாடியிலிருந்து கஸ்தூரிரங்கன், தினமும் மெட்ராஸுக்குப் பேசும் அதிகாரி.

“யாரும்மா புதுசா? பழைய அம்மா இன்னும் லீவா?”

துணியைப் பிடித்தபடியே குனிந்து மைக்கில் சொன்னாள். 

“நான்தான் சார். சாந்தகுமாரி.”

“குரல் மாறியிருக்கே.”

“ஆபரேஷன் ஆச்சு சார். இனிமே இதான் என் குரல்.”



“சௌக்கியமா இருந்தா போறும். மெட்ராஸ் லைன் போடுங்கோ.”

போட்டாள். அடுத்த விளக்கும் எரிந்தது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மிஸஸ் சோப்ரா பின்னால் வந்து, தழும்பைப் பற்றி ஒன்றும் கேட்காமல், முடிச்சைத் திரும்பக் கட்டிவிட்டாள். மறுநாள் தன் பச்சைத் துப்பட்டாவை மேஜையில் வைத்தாள்.

“முஜே பீ ஏக்.”

எனக்கும் ஒன்று.

5

முடிவுகள்.

அ) கோடை வருகிறது, சாந்தகுமாரி ஸ்கார்ஃபைக் கழற்றி எறிகிறாள். எழுதிப் பார்த்தேன். மறைக்காமல் இருப்பது மட்டும்தான் தைரியமா? கிழித்துப் போட்டேன்.

ஆ) அவள் கடை வைத்து... சே.

இ) ஞாயிற்றுக்கிழமை. கட்டில் முழுக்கப் பச்சைத் துப்பட்டா. கலியமூர்த்தி ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். “எந்தப் பக்கம் வெட்டப் போற?” என்கிறார். “இருங்க, ஜல்தி பண்ணாதீங்க” என்கிறாள், அந்தக் கரகரத்த குரலில், சத்தமாக. ஜன்னலுக்கு வெளியே போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அவளுக்கும் இதிலிருந்து ஒன்று மிஞ்சுமா, வெயில் காலத்தில் அதைக் கட்டுவாளா, எனக்குத் தெரியாது. நான் பஸ்ஸில் பார்த்த அந்தப் பெண்மணி எனக்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள். நீங்கள் வேண்டுமானால் துணியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் இழுத்தாற்போல.