கடலில் நனைந்த கார்டு

வேளாங்கண்ணியிலிருந்து போலீஸ் மூலமாக வந்த பையில் அலெக்சாண்டரின் கேமரா இருந்தது. சுனாமி வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மௌரீன் கேமராவைத் திறந்ததும் மணலும் துருவும் மடியில் கொட்டின. உள்ளே இருந்த மெமரி கார்டு மட்டும் முழுசாக இருந்தது. தீப்பெட்டி அகலம், விசிட்டிங் கார்டு மாதிரி மெல்லிசு.

கிறிஸ்துமஸுக்கு அவர்கள் குடியிருந்த ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வேளாங்கண்ணி போனார்கள். காய்ச்சலால் மௌரீன் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டாள். மறுநாள் காலை வந்த அலையில் அவள் கணவன் அலெக்சாண்டர் போய்விட்டான். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு அவன் முகம் தெரியும் படங்கள் வீட்டில் குறைவு. கடைசியாக ஒன்றாவது கிடைக்கும் என்று அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோடில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பழைய டைப் மேடம். இப்ப எல்லாம் சின்ன கார்டுதான். ரீடர்ல இதுக்கு ஸ்லாட்டே இல்ல."

"கொஞ்சம் தள்ளிப் பாருங்களேன்."

ரீடரின் அகலமான ஒரு துளையில் வைத்து அழுத்தினார். கார்டு வில்லாக வளைந்தது.

"ஐயோ, வேணாம்! விடுங்க!" மௌரீன் கத்தியதில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் பயந்துபோய் மேஜை டிராயரைத் துழாவி ஒரு பழைய கேமராவை எடுத்தார். கார்டை அதன் வாயருகே கொண்டுபோனவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இதுவும் இதே டைப்புதான், ஆனா போட முடியாது. ஓரத்துல வெட்டியிருக்கு பாருங்க. உங்க கார்டுல வலது பக்கம், இதோட துளைல இடது பக்கம். இந்தக் கேமராவுக்கு வோல்டேஜ் அதிகம் மேடம். கார்டு சுட்டுப்போயிடும்."

மௌரீன் கார்டை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். கடலில் கிடந்து பிழைத்த கார்டை ஒரு நொடியில் இழந்திருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அலெக்சாண்டரோடு பொம்மசந்திரா ஃபேக்டரியில் வேலை பார்த்த மஞ்சுநாத் வீட்டுக்கு வந்தான். மாதா படத்தின் முன்னால் வைத்திருந்த கார்டைப் பார்த்ததும் குனிந்தான்.

"அக்கா, இது எங்க குவாலிட்டி செக்‌ஷன் கேமரா கார்டு மாதிரியே இருக்கே! டேமேஜ் பீஸ் போட்டோ எடுக்க இன்னும் அதத்தான் வெச்சிருக்கோம். நாளைக்கே வாங்க."

மறுநாள் அவள் பஸ்ஸில் பொம்மசந்திரா போனாள். மஞ்சுநாத் முதலில் ஓரத்து வெட்டை ஒத்துப் பார்த்தான். பிறகு தங்க நிறப் பட்டையை மெல்லிய துணியால் துடைத்து, கார்டை உள்ளே தள்ளினான். கேமராவின் ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினான். திரையில் ஒன்றும் வரவில்லை. மௌரீன் கண்களை மூடிக்கொண்டாள்.

"வந்திடுச்சு அக்கா!"

கோயில் கோபுரம், தேர், மெழுகுவர்த்திக் கடை, கடற்கரை. ஒவ்வொன்றாக நகர்ந்தன. எதிலும் அலெக்சாண்டர் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவனே அவன்தானே. அது ஏன் தனக்கு முன்பே தோன்றவில்லை என்று அவள் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசில கொஞ்சம் இருக்கு," என்றான் மஞ்சுநாத்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு சிறுமி. மாங்காய்க் கீற்றைக் கடித்துக்கொண்டு, மணலில் உட்கார்ந்து, நுரையில் காலை நனைத்துக்கொண்டு, அடுத்தடுத்து அவளேதான். மௌரீன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இது நிவேதா. எங்க பின்தெரு சாந்தகுமாரியோட பொண்ணு. அவளும் அன்னிக்கே..."

வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை. சாந்தகுமாரி மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள்; மகளோடு அதே வேனில் போயிருந்தாள். மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று பூ போட அவளிடம் ஒரு படம்கூட இல்லை. வெறும் சுவரில் பூச்சரத்தைத் தொங்கவிட்டிருந்தாள். ஊருக்கு வந்த பிறகு அவள் யாரோடும் பேசவில்லை.

படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு மௌரீன் நேரே அந்த வீட்டுக்குப் போனாள். சாந்தகுமாரி கதவைப் பாதிதான் திறந்தாள். மௌரீன் மேலிருந்த படத்தை நீட்டினாள்.

சாந்தகுமாரி படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தாள். மீதியையும் வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடைசிப் படத்தில் விரலை வைத்துக் கேட்டாள்.

"எல்லாத்துலயும் இப்படிச் சிரிக்கிறாளே. யாரப் பாத்து சிரிக்கிறா, அக்கா?"

"படம் எடுத்த எங்க வீட்டுக்காரரப் பாத்துதான்," என்றாள் மௌரீன். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. அத்தனை நாளும் வராத அழுகை அங்கே வந்தது.

சாந்தகுமாரி நகர்ந்து, படியில் அவளுக்கும் இடம் விட்டாள்.