ஐந்தாவது சீட்

"நல்லா அழுத்தி உக்காருங்க மேடம். வெக்கப்படாதீங்க, அட்டைதானே," என்றாள் சைக்கிள் கடைக்காரி.

ஒரு கட்டை முக்காலி. அதன்மேல் ஏதோ பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த, உள்ளே வரிவரியாக மடிப்பு வைத்த தடித்த அட்டை. அதன்மேல் ஐம்பத்திரண்டு வயதில் அவள். குதிகாலைத் தூக்கி, முதுகை முன்னால் சாய்த்து, முக்காலியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் உட்காரும் எலும்புகள் இரண்டும் அட்டையில் பதியுமாம். கணவர் இரண்டடி தள்ளி, சட்டைப்பை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டி வந்த அப்பா மாதிரி நின்றார். இந்த அழகை வேறு யாரும் பார்க்கவில்லையே என்று அவள் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

எழுந்ததும் கடைக்காரி அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, பதிந்திருந்த இரண்டு குழிகளிலும் சாக்பீஸைத் தேய்த்து, நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தாள். "நூத்தி முப்பத்தாறு மில்லி." கணவர் எழுதிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருஷமாக அவள் செய்வதும் இதே வேலைதான். வருகிறவர்களின் மூக்குக்கு நேரே அளவுகோலைப் பிடித்து, இந்தக் கருவிழிக்கும் அந்தக் கருவிழிக்கும் எத்தனை மில்லி என்று பார்த்து, லென்ஸை அதற்குத் தக்கபடி வெட்டிக் கொடுப்பது. ஊரையே அளந்தவளை யாரும் இதுவரை அளந்ததில்லை.

"பாத்தீங்களா, அளவே தெரியாம நாலு சீட் வாங்கியிருக்கோம்!" என்றார் கணவர். ஒரு பெரிய கண்டுபிடிப்புபோலச் சொன்னார். 'வாங்கியிருக்கோம்' என்பதும் அநியாயம். வாங்கியது அவர். அதுவும் எப்படி? கடைக்குப் போய் அவரே உட்கார்ந்து, ஆடி அசைந்து பார்த்து, "அருமையா இருக்கு" என்று மனைவிக்கு வாங்கி வருவார். சைக்கிளோடு வந்த முதல் சீட் கட்டைபோல இருந்தது. இரண்டாவது அவருடையதைப் போலவே ஒல்லியாக, கத்திபோல இருந்தது. மூன்றாவது தலையணை கணக்காகக் கொழுகொழுவென்று வந்தது. முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் அதில் உடம்பு அமிழ்ந்து, அமுங்கக் கூடாத இடமெல்லாம் அமுங்கி, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் பக்கவாட்டில்தான் உட்கார்ந்தாள். அத்தனையும் நிஜமான வலி. அதில் பொய்யே கிடையாது.

பொய் நாலாவது சீட்டில்தான் ஆரம்பித்தது. கொஞ்சம் அகலம், நடுவில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியது. அதுவும் அவர் உட்கார்ந்து பார்த்து வாங்கியதுதான், எப்படியோ குருட்டு அதிர்ஷ்டம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபதாவது கிலோமீட்டரில், எதுவுமே வலிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். நம்பாமல் அப்படியும் இப்படியும் நகர்ந்து தேடிப் பார்த்தாள். வலியைக் காணோம். ஒரு மரத்தடியில் நிறுத்தி அவர் திரும்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "வலிக்குதுங்க," என்று அவள் வாய் தானாகச் சொன்னது. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள்.

விஷயம் இதுதான். அவர் பஸ்களுக்கு நேர அட்டவணை போடும் வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். ஓட்டுவதற்குப் பஸ் இல்லாமல் போனதும் பெண்டாட்டியை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். மூன்று மாதம், நாலாயிரம் கிலோமீட்டர், சைக்கிளிலேயே, அவர்கள் இரண்டே பேர். ஒரு கடற்கரையில் கிளம்பி இன்னொரு கடற்கரையில் முடிவதாகத் திட்டம். எந்த ஊரில் தண்ணீர் பிடிப்பது, எந்த மேட்டில் எத்தனை நிமிஷம் நிற்பது, எல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு வேலையைக் காலியாக வைத்திருக்க முடியாது என்று கண்ணாடிக் கடை முதலாளி சொல்லிவிட்டார். "அதனால என்ன, விட்டுடு. பத்தொம்பது வருஷம் பத்தாதா?" என்று இவர் சாதாரணமாகச் சொன்னார். ராஜினாமாக் கடிதத்தையும் அவரே தட்டச்சு செய்து, தேதி போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். இன்றைக்குச் சனிக்கிழமை.

கெட்ட மனுஷனா என்றால், அதுவும் இல்லை. குரலை உயர்த்தியதில்லை, கை நீட்டியதில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பார். 'வேண்டாம்' என்பதுதான் அவர் காதில் ஏறாது. இருபத்தேழு வருஷத்தில் அவள் சொன்ன 'வேண்டாம்' ஒவ்வொன்றையும், எங்கேயோ ஏதோ சரியில்லை, சரி செய்துவிட்டால் 'சரி' என்பாள் என்றே எடுத்துக்கொண்டார். வலிக்கிறது என்றால் மட்டும் நிறுத்துவார். ஆகவே அவள் வலியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு லென்ஸ் தேய்க்கும் அந்த எட்டு மணி நேரத்தில், இயந்திரத்தில் சொட்டும் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர அவளிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதை விட்டுவிட்டு மூன்று மாதம் இவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போவதா?

"சார், மேடத்தோட சைக்கிளை உள்ள கொண்டு வாங்க, மாட்டிப் பாத்துடலாம்," என்று கடைக்காரி அவரை வெளியே அனுப்பினாள். கார்மேல் கட்டியிருந்ததை அவிழ்க்கவே பத்து நிமிஷம் ஆகும். கழற்றிக் கொண்டுவந்திருந்த நாலாவது சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். கை நிறைய கிரீஸ் கறை, மூக்கில் கோணலாக ஒரு கண்ணாடி.

"அக்கா," என்றாள் கடைக்காரி. மேடம் எப்போது அக்காவானாள் என்று தெரியவில்லை. "இதுல வலிக்குதுன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்தான்."

"வலிச்சா மனுஷங்க ஒருக்களிச்சு உக்காருவாங்க. ஒரு பக்கம் மட்டும் தேயும். நகந்து நகந்து சீட்டோட முன்பக்க மூக்கெல்லாம் பளபளன்னு ஆயிடும். இதைப் பாருங்க." விரலால் தொட்டுக் காட்டினாள். கறுப்புத் தோலில் இரண்டே இரண்டு மங்கிய வட்டங்கள், ஒரே அளவில். "அட்டையில விழுந்த அதே நூத்தி முப்பத்தாறு. ரெண்டு மாசமா இதுல நீங்க சொகுசா உக்காந்திருக்கீங்க."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் என்ன செய்வாள்? அவளுக்கு முகம் சுட்டது. "உங்க கண்ணாடி கோணலா இருக்கு," என்றாள். கையை நீட்டி, கழற்றி வாங்கி, இடது காம்பைக் காதுக்குப் பின்னால் வரும் இடத்தில் கட்டைவிரலால் மெல்ல வளைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரி மாட்டிக்கொண்டு, "அட, நிக்குதே!" என்றாள். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் தலைவலியோடு "நல்லா தெரியுதும்மா" என்று பொய் சொல்லிவிட்டுப் போவதை எத்தனை முறை கண்டுபிடித்திருக்கிறாள். அதே மாதிரி ஒருத்தியிடம் தானே வந்து நின்றது அவமானமாக இருந்தது.

"சார்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"இன்னும் சரியா வரலைன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சொல்றேன். என்ன போச்சு? ஆறாவது சீட்டுக்கு வருவீங்க, அப்புறம் ஏழாவது. எனக்கு வியாபாரம்தான்." கடைக்காரி சிரித்தாள். அவளும் சிரித்தாள். ஆறாவது, ஏழாவது என்று மனசு எண்ணிக்கொண்டே போனது. அறுபது வயதில் இதே முக்காலியில் குதிகாலைத் தூக்கி உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சைக்கிள் வந்தது. பின்சக்கரம் தரையில் படாதபடி தாங்கியில் நிறுத்தி, கடைக்காரி அந்த அளவுக்கு எடுத்த ஐந்தாவது சீட்டை மாட்டினாள். அவள் ஏறி மிதித்தாள். பாவி சீட், இருப்பதே தெரியவில்லை. நாலாவதைவிட நன்றாக இருந்தது.

"இப்ப?" என்றார் கணவர்.

கடைக்காரி அவள் முகத்தையே பார்த்தாள்.

"வலிக்கலைங்க."

"நிஜமாவா? கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கண் கலங்கியேவிட்டது. எட்டு மாதமாக இவள் வலியை இவரும்தான் சுமந்திருக்கிறார். தோள்பையைத் திறந்து, மடியாத அந்தக் கடிதத்தை எடுத்து, "அப்ப இதையும் இங்கயே முடிச்சிடலாம்மா," என்று பேனாவோடு நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "நான் வரலைங்க," என்றாள்.

அவர் பார்வை அவள் முகத்திலிருந்து நேராகச் சீட்டுக்கு இறங்கியது. "மூக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

"இல்ல."

"ஹேண்டில் தூரமா இருக்கா? சொல்லும்மா, இப்பவே குறைச்சுடலாம்."

"சீட் நல்லா இருக்கு. ஹேண்டில் நல்லா இருக்கு. எனக்கு எங்கயும் வலிக்கல. எனக்கு வர இஷ்டமில்ல. வேலையையும் விட மாட்டேன்." முழுசாகச் சொல்லி முடித்தாள். இருபத்தேழு வருஷத்தில் இவ்வளவு நீளமாக அவள் எதையும் அவரிடம் சொன்னதில்லை.

"ஒரு ரெண்டு மில்லி பின்னாடி தள்ளிப் பாருங்களேன்," என்றார் அவர், கடைக்காரியிடம்.

கடைக்காரி கையிலிருந்த, சீட்டின் திருகாணியைத் திருகும் ஆலன் கீயை மேஜைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவரே அதை எடுத்துக்கொண்டார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் திணித்து, சைக்கிளுக்குப் பின்னால் மண்டியிட்டார். "இறங்காத. அப்படியே மிதிச்சுக்கிட்டு இரு, ஒரு நிமிஷம்," என்றார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். சக்கரம் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றிவிட்டு நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். சீட்டுக்கு அடியில் அவர் கையிலிருந்த ஆலன் கீயின் முனை திருகாணியின் துளையில் இறங்காமல் அதன் விளிம்பிலேயே டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது.