மிளகுத்தண்ணி

இலங்கை மலைநாட்டில், எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல் ஒன்றில் ரெங்கசாமிதான் சமையல். அங்கே சாப்பாட்டு அட்டையில் ‘மல்லிகட்டாணி சூப்’ என்று ஒன்று இருக்கிறது. ஆப்பிளும் பருப்பும் தேங்காய்ப்பாலும் போட்டு, முதலாளி சொன்னபடி வைப்பார். மிளகு மருந்துக்கும் கிடையாது. பச்சைக் குழந்தைக்கே ஊட்டலாம்.

அன்றைக்குக் காலையிலிருந்தே அவருக்கு மேலெல்லாம் வலி. லீவு போட்டிருக்கலாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தன் ஒற்றைக் காம்பராவில் போய்ப் படுத்தால் மட்டும் யார் இருக்கிறார்கள்? சம்சாரம் விஜயலெட்சுமி செத்து வருஷம் திரும்பிவிட்டது. அவள் இருந்தவரை, உடம்பு சுட்டால் அவரை அடுப்படிக்கே விடமாட்டாள். “நோவாளி கையால வச்சா நோவு எறங்காது, நீங்க படுங்க” என்று கம்பளியைப் போர்த்திவிட்டு, மிளகு தட்டி, பூண்டு நசுக்கி, புளி கரைத்து, மிளகுத்தண்ணி வைத்துக் கொண்டுவருவாள். அவள் போனபிறகு எத்தனையோ தரம் காய்ச்சலில் கிடந்தும் அவர் அதைக் குடிக்கவில்லை. யாராவது வைத்துத் தந்தால் தேவலை என்றிருக்கும். வாய்விட்டுக் கேட்க வெட்கம்.

மத்தியானம், பரிமாறுகிற அகீல் சூப்புக் கோப்பையோடு திரும்பி வந்தான்.

“அண்ணே, சளி புடிச்ச அந்த இங்கிலீஷ் அம்மா இது வேணாங்குறாங்க. போன்ல பாத்தாங்களாம். இந்தப் பேரே நம்ம மொளகுத்தண்ணிதானாம். அந்தக் காலத்து மெட்ராஸ் தொரைமாரு வாயில இப்பிடி ஆயிருச்சாம். பழைய மாதிரியே வச்சுத் தருவீங்களான்னு கேக்குறாங்க.”

“அட, நம்ம தண்ணிதான் சீமைக்குப் போயி ஆப்பிளோட திரும்பி வந்திருக்கா!” ரெங்கசாமிக்கு வலியிலும் சிரிப்பு வந்தது.

சட்டி நிறைய வைத்தார். அந்த அம்மா கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, அவரைக் கூப்பிட்டனுப்பி ஏதோ கேட்டாள்.

“ஒங்க வீட்டுல இத யாரு வைப்பாங்கன்னு கேக்குறாங்க” என்றான் அகீல்.

“சம்சாரம்” என்றார் ரெங்கசாமி. “சம்சாரந்தான் வச்சுத் தரும்.”

அகீல் விஜயலெட்சுமியின் சாவுக்கு வந்து போனவன். அவர் முகத்தைப் பார்த்தான். சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னான். வேலை முடிந்து அவர் கிளம்பும்போது மிச்சத்தைச் சுடவைத்து, பிளாஸ்க்கில் ஊற்றிக் கையில் கொடுத்தான்.

காம்பராவில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரோ வைத்துத் தந்தது என்றே நினைத்துக்கொண்டு ரெங்கசாமி ஒரு வாய் குடித்தார். காரமும் புளிப்பும் அளவாக இருந்தன. உப்பும் சரியாக இருந்தது. விஜயலெட்சுமி வைத்தால் உப்பு எப்போதும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதை நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.